இன்னொண்ணு வந்திருக்கு, மாமா!

"பக்கவாதம் வந்த மனுஷரை இப்படி வேலை வாங்கற மருமகளை நான் எங்கேயும் பார்த்ததில்லை!"

எதிர்வீட்டுக்காரர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு மனைவியிடம் பொருமினார். அடுத்தவர் வீட்டு விவகாரம் என்றால் அழைக்காமலே ஆஜராகிவிடுவார். அதனால் தெருவில் அவருக்குப் 'பஞ்சாயத்து' என்று பெயர். இதுவரை பெயருக்குக் குறை வைத்ததில்லை.

எதிரே மோட்டார் சைக்கிள் பட்டறை. புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்தியது. அவன் இறந்த துக்கத்தில் இழுத்து மூடிய ஷட்டரை, அவள் இப்போது கொஞ்ச நாளாகத்தான் திறக்கிறாள். வாசலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் மாமனார். முன்னால் ஒரு இன்ஜினின் அலுமினிய மூடி. மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இடது கை வேண்டாம் மாமா. வலது கை."

"வலிக்குதும்மா."

"வலிக்கட்டும். வட்டமாத் தேய்க்காதீங்க. கண்ணாடி மாதிரி மின்னக் கூடாது. கம்பெனியிலேருந்து வந்தப்ப இருந்த மாதிரி, தலை வாரின மாதிரி, கோடெல்லாம் ஒரே பக்கமா ஓடணும். பாருங்க, இங்க வளையுது. மறுபடி தேய்ங்க."

பெரியவருக்குப் பக்கவாதத்தில் விளங்காமல் போனதே வலது கைதான். பஞ்சாயத்துக்கு ரத்தம் கொதித்தது.

"சம்பளமில்லாத ஆள் கிடைச்சா விடுவாளா?"

"உங்களுக்கு எதுக்குங்க ஊர் வம்பு?" என்றாள் மனைவி.

எதுக்கா? சாயங்காலம் பெரியவர் உள்ளே போனதும் பஞ்சாயத்து தெருவைக் கடந்தார். பட்டறைக்குள் கண்ட காட்சியில் வாயடைத்துப்போனார். அவர் விஷயத்தில் அது அபூர்வம்.

பெரியவர் பகலெல்லாம் தேய்த்து நேர்த்தியாக்கிய மூடியை, முரட்டு உப்புத்தாளால் குறுக்கே கீறிக்கொண்டிருந்தாள் மருமகள்.

"அடிப்பாவி! அந்த மனுஷர் உயிரைக் கொடுத்து வேலை செஞ்சிருக்காரு. நீ பாட்டுக்குக் கெடுக்கறியே!"

"ஐயோ, மெதுவாப் பேசுங்க சார்!" அவள் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டாள். "பந்தை அமுக்குங்க, கையை நீட்டி மடக்குங்கன்னு டாக்டர் சொன்னார். 'நான் என்ன குழந்தையா'ன்னு பந்தைத் தூக்கி எறிஞ்சிட்டார். கஸ்டமர் வேலை குவிஞ்சு கிடக்கு, கொஞ்சம் கை கொடுங்க மாமான்னு கெஞ்சினேன். உடனே வந்து உட்கார்ந்துட்டார்."

"அதுக்கு இதை எதுக்குக் கெடுக்கணும்?"

"கஸ்டமர் எங்க சார் இருக்காங்க? இருக்கறது இந்த ஒரே மூடிதான். சாயங்காலம் கீறி வெச்சிடுவேன். காலையில 'இன்னொண்ணு வந்திருக்கு மாமா'ன்னு கொடுப்பேன்."

பஞ்சாயத்து குனிந்து மூடியைப் பார்த்தார்.

"முதல்ல அவருக்குக் கட்டையைப் பிடிக்கவே விரல் மடங்கலை. இப்ப பாருங்க, கோடு எவ்வளவு நேரா வருது! இதைக் கீற எனக்கு மட்டும் மனசு வருதா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அந்த நிமிஷமே கட்டையைப் போட்டுட்டு எழுந்துடுவார். கை அப்படியே நின்னுடும் சார்."

சத்தியம் செய்துகொடுத்தார் பஞ்சாயத்து. ஆனால் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்காருவது அவரால் ஆகிற காரியமா? மறுநாள் காலையில் பெரியவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் பட்டறையில் போய் நின்றார்.

"என்ன பெரியவரே, மூடி வந்துக்கிட்டே இருக்கு போல?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெரியவர் தேய்ப்பதை நிறுத்தினார். வார்த்தை குழறினாலும் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

"எல்லாம் ஒரே மூடிதான்னு சொல்லிட்டாளா?"

"எ... எது?"

பெரியவர் வலது கையாலேயே மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் ஒரு மூலை லேசாக உடைந்திருந்தது.

"வெளிப்பக்கத்தைக் கீறிடறா. உள்பக்கத்தை மறந்துட்டா. இது என் பையன் வண்டி மூடிய்யா. அவன் கீழே போட்டு உடைச்ச மூலை எனக்குத் தெரியாதா? முதல்லயே தெரியும். இவ கீறற கீறல்ல, கூடிய சீக்கிரம் மூடி காகிதமாயிடும்!"

"தெரிஞ்சுமா தேய்க்கறீங்க? கை சரியாகணும்னா பேசாம வீட்டுக்குள்ளேயே அந்தப் பந்தை அமுக்கலாமே?"

பெரியவர் மேலே சுருட்டி ஏற்றியிருந்த ஷட்டரை அண்ணாந்து பார்த்தார்.

"அவன் போனதுக்கப்புறம் இவ ரூமை விட்டே வெளியில வரலை. எவ்வளவு சொல்லியும் இந்த ஷட்டர்ல கை வைக்கலை. கஸ்டமர் வர்றாங்கன்னு என்னை நம்ப வைக்கத்தான்யா தினமும் திறக்கறா. திறந்திருக்கறதைப் பார்த்து இன்னிக்குக் காலையில ஒருத்தன் நிஜமாவே வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தான். ரிப்பேர் பண்ணிக் கொடுத்துட்டு, ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சா."

கட்டையை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"என் கைக்காகன்னு அவ கடையைத் திறக்கறா. அவ திறக்கணும்னுதான் நான் தேய்க்கறேன்."

உள்ளேயிருந்து டீயோடு வந்த மருமகள், பஞ்சாயத்தை அங்கே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன... என்ன சார் பேசிக்கிட்டிருந்தீங்க?"

பஞ்சாயத்து ஒரு தடவை அவளைப் பார்த்தார். ஒரு தடவை பெரியவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேற என்னம்மா, இந்த மூடியைப் பத்தித்தான். என் மச்சினன் வண்டியோடது, கோடு வளையாமப் பார்த்துத் தேய்ங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நாளைக்கும் ஒண்ணு அனுப்பறானாம்!"