மூன்றாவது போன்

"போச்சு, மறுபடியும் செத்துட்டேன்!" என்று சத்யா கத்தியதும் அடுப்படியில் கரண்டி கீழே விழுந்தது.

"இன்னைக்காவது அந்த வார்த்தயச் சொல்லாதயேன்" என்றாள் அண்ணி இளவரசி. நாளைக்கு அவள் கணவன் சுபாஷுக்குக் காரியம். உடம்பு கிடைக்காமலே காரியம்.

சத்யா நாக்கைக் கடித்துக்கொண்டாள். செத்தது போன் விளையாட்டில்தான். அண்ணன் கடலில் போன இந்த நாற்பது நாளில் அவளுக்கு மூச்சு விட இருந்த ஒரே இடம் அந்த விளையாட்டு. அதுவும் பத்து நாளாக, சாயங்காலம் நாலு மணி ஆனால் நொண்டியடிக்கிறது. இவள் ஒரு முறை சுடுவதற்குள் எதிரி மூன்று முறை சுட்டுவிடுகிறான்.

"அண்ணி, நீ ஏதாச்சும் வீடியோ பாக்குறியா? நெட்டு இழுக்குது."

"வீடியோ பாக்குற நெலமையிலயா இருக்கேன் நானு? என் போன் பையில கெடக்கு."

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்த சிவசங்கர் உள்ளே எட்டிப் பார்த்தான். சுபாஷோடு ஒரே படகில் தொழிலுக்குப் போனவன். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தபோது இவன் மட்டும் நீந்திக் கரையேறினான். காரியப் பேச்சு எடுத்ததிலிருந்து தினமும் வந்து, கூடப் பிறந்தவன் போல எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறான்.

"உங்க நைனா பழவேற்காட்டுலேர்ந்து சாமானெல்லாம் வாங்கினு வந்துருவாரு, தங்கச்சி. நாளைக்கு இந்நேரம் எல்லாம் முடிஞ்சிடும். அப்பறம் யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க."

இளவரசியின் கை தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. "அவரு வருவாரு" என்று முனகினாள். நாற்பது நாளாக அவள் சொல்வது அந்த ஒன்றுதான். ஊர் அதற்குப் பைத்தியம் என்று பெயர் வைத்துவிட்டது.

சத்யா உள்ளே போய்த் தன் போனில், எந்தெந்தப் போன் நெட்டில் இருக்கிறது என்று காட்டும் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்தாள். டவர் குதிரைக் கொம்பாகிவிட்ட அந்தக் குப்பத்தில் அவர்கள் வீட்டில் மட்டும்தான் வைஃபை. தங்கை விளையாடட்டும் என்று அண்ணன் ஆசையாகப் போட்டுக் கொடுத்தது. பாஸ்வேர்டை அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. அப்பாவிடம் இருப்பதோ பட்டன் போன். ஆக, இரண்டு பெயர்தான் இருக்க வேண்டும்.

மூன்று இருந்தது. மூன்றாவது பெயர் 'நண்டு ராஜா'.

ஏரியில் வெறுங்கையால் நண்டு பிடிக்கிறவனாயிற்றே என்று, அண்ணன் போன் வாங்கிய அன்று கிண்டலாக அவள் வைத்துவிட்ட பெயர் அது. இடுப்பில் கட்டியபடியே அவனோடு கடலுக்குள் போன போன். அது இந்த நிமிடம் வீட்டு நெட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் அண்ணியின் காதருகே கிசுகிசுத்தாள். "அண்ணன் போன் உன்னாண்டயா இருக்குது?"

"கடல்ல போனது என்னாண்ட எப்படி இருக்கும்? இன்னா பேசுற நீ?"

சத்யா திரையைக் காட்டினாள். இளவரசி அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். போனைப் பிடுங்கி இன்னொரு முறை படித்தாள்.

"இந்த வைஃபை எம்மாம் தூரம் எட்டும்?"

"மிஞ்சிப்போனா கொல்ல வரைக்கும்."

இருவரும் கொல்லைக்கு ஓடினார்கள். வலைக் குவியலைப் புரட்டினார்கள். கவிழ்த்து வைத்திருந்த பழைய படகின் அடியில் குனிந்து பார்த்தார்கள். குளியலறைக் கதவைத் தள்ளினார்கள். ஒரு காக்கையைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"யாருக்கோ பயந்துதான் ஒளிஞ்சிக்கினு இருக்காரு" என்றாள் இளவரசி. அவள் முகத்தில் நாற்பது நாளாக இல்லாத உயிர் வந்திருந்தது. "சத்யா, அந்தப் போனுக்கு மட்டும் நெட்ட நிறுத்து. நெட்டு நின்னா அவருக்கு ஒரு நிமிசம் பொறுக்காது. எங்க இருந்தாலும் வாயத் தொறந்து கேட்டுருவாரு."

அது உண்மைதான். சத்யாவுக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கடவுளே, ஒரே ஒரு தடவை அண்ணன் என்னைத் திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டு, அந்த ஒரு பெயரை மட்டும் தடுத்தாள்.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் காத்திருந்தார்கள்.

வாசல் பக்கமிருந்து சிவசங்கரின் குரல் வந்தது.

"இன்னா தங்கச்சி, திடீர்னு நெட்டு நின்னுபோச்சு?"