இருபத்திரண்டு தடவை

"என்னை எதுக்கு மேடம் கவுண்டர் பக்கம் தூக்கிப் போட்டீங்க?"

பட்டியல் அக்கா கதவைத் தட்டாமலே நூலகரின் அறைக்குள் நுழைந்தாள். கையில் புது வரைபடம் கசங்கியிருந்தது.

ஊழியர்கள் வேலை செய்யும் இடத்தை மாற்றி அமைக்கப்போகிறார்கள். அதற்காகப் புது நூலகர் பத்து நாள் ஒரு மூலையில் நோட்டோடு உட்கார்ந்து, யார் எப்போது எழுகிறார், எங்கே நடக்கிறார் என்று கோடு கோடாகக் குறித்தார். அன்றிலிருந்தே எல்லோருக்கும் எரிச்சல்.

"பதினெட்டு வருஷமா அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகப் பட்டியல் எழுதறேன். ஒரு தப்பு காட்டுங்க."

"தப்புன்னு நான் சொல்லலையே."

"பின்னே? கவுண்டர்ல நாள் பூரா சந்தை இரைச்சல். அங்கே உட்கார்ந்து என்னத்தை எழுதறது?"

"ஒரு நாளைக்கு இருபத்திரண்டு தடவை எழுந்து போறீங்க."

"ஓ, எண்ணினீங்களா? நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?"

வெளியே புத்தகம் தைக்கும் பைண்டர் பசை டப்பாவைக் கீழே வைத்தார்.

"இருபத்திரண்டா? அக்காவுக்குக் கால்ல சக்கரம்தான்" என்றார், புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டரில் இருந்த அண்ணனிடம்.

அண்ணன் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தாமல் புத்தகங்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"எங்கே போறீங்க? அதை மட்டும் சொல்லுங்க. ஜன்னலோரத்தையே தந்துடறேன்" என்றார் நூலகர்.

அக்கா திறந்திருந்த கதவு வழியாகக் கவுண்டர் பக்கம் பார்த்தாள்.

"சும்மா நடப்பேன். கால் மரத்துப்போகுது."

"அப்ப இடம் மாறத்தான் வேணும்."

"நோட்டுல கோடு போட்டுட்டா மனுஷங்க தெரிஞ்சிடுவாங்களா? ஈவு இரக்கம் இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

நூலகர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். நோட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

இருபத்திரண்டு கோடுகளும் ஜன்னலில் கிளம்பி, கூடத்தைக் கடந்து, ஒரே இடத்தில் முடிந்தன. கவுண்டருக்குப் பின்னால், தரையை ஒட்டிய கீழ்த்தட்டு.

பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: 'கவுண்டர்காரரால் குனிய முடியவில்லை. யாராவது அந்தத் தட்டிலுள்ள புத்தகத்தைக் கேட்டால், பட்டியல் எழுதுபவர் எதையோ தேடுவதுபோல வந்து எடுத்துக் கொடுக்கிறார்.'

அக்கா சட்டென்று நோட்டை மூடினாள்.

"மேடம், அவருக்கு இன்னும் ஒண்ணரை வருஷம்தான் சர்வீஸ். மேலிடத்துக்குத் தெரிஞ்சா, உடம்பு லாயக்கில்லைன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"தெரியும். நீங்க காட்டிக்கொடுக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் அப்படிக் கேட்டேன். தட்டை உயர்த்தினா ஏன்னு கேட்பாங்க. உங்க மேஜையை நகர்த்தினா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. இனிமே நீங்க கையை நீட்டினாப் போதும்."

"காரணம் என்னன்னு எழுதினீங்க?"

"ஜன்னல் வெயில்ல புத்தகம் வெளுக்குதுன்னு."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.

"இப்படியே போகாதீங்க" என்றார் நூலகர் மெதுவாக. "வெளியே எல்லார் காதும் இங்கேதான் இருக்கு. வந்ததைவிடக் கோபமாப் போங்க."

அக்கா வெளியே வந்து கதவை அறைந்து சாத்தினாள்.

"கல்நெஞ்சக்காரி" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.