கழுத்தளவு தண்ணீர்

அபாயக் கழிவுகளைச் சுத்திகரிக்கும் கம்பெனிக்கு இடம் தேடி வந்த ஃபிளோரா, வயல்களுக்கு நடுவே இருந்த திடலைக் காட்டி உள்ளூர் விவசாயி தங்கையனிடம் கேட்டாள்.

“ஐயா, இங்க வெள்ளம் வருமா? பள்ளம் தோண்டி விஷக் கழிவைப் புதைக்கணும். தண்ணி ஏறினா கம்பெனியையே மூடிடுவாங்க.”

தங்கையன் சிரித்தார். “எங்களுக்குக் கல்யாணமான வருஷம் இங்க கழுத்தளவு தண்ணிம்மா. பொஞ்சாதி அம்சத்த அண்டாவுல உக்காரவெச்சுத் தள்ளிக்கிட்டு வந்தேன். பயத்துல என் தலைமுடிய விடவே இல்ல.”

ஃபிளோரா ‘வெள்ள அபாயம்’ என்று குறித்துக்கொண்டு காரில் ஏறிப் போனாள்.

பக்கத்தில் நின்ற அம்சம் கணவரை முறைத்தாள். “அண்டாவுல வந்தது நெசந்தான். ஆனா ஊரே முழுகினப்ப தண்ணி ஏறாத ஒரே இடம் இந்தத் திடல்தானே? இங்கதானே என்னைக் கொண்டாந்து இறக்கினீங்க?”

“ஆமா. அடுத்த வெள்ளம் வந்தா உன்னை எங்க கொண்டுபோய் இறக்குறது?”