பந்தலுக்குள் ஒரு பேனர்

“மொகமூடி மாட்டிக்கிட்டு மருந்தடிச்சா பூச்சி பயந்து ஓடிருமா தாயி?” என்று கேட்டார் விவசாயி சுருளி. திராட்சைப் பந்தலுக்கடியில் நின்ற மாணவர் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பேராசிரியர் ஜஸ்டின் சிரிக்கவில்லை. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காமயகவுண்டன்பட்டித் தோட்டத்துக்குள் நுழைந்ததிலிருந்து பந்தல் கம்பி அவரை விடாமல் இடித்துக்கொண்டிருந்தது. தோட்டக்கலையில் முனைவர் பட்டம் வாங்கியவருக்குப் பந்தலின் உயரம் பற்றி யாரும் பாடம் எடுத்திருக்கவில்லை.

மாணவர்களும் ஆளுக்கொரு இடி வாங்கியிருந்தார்கள். தேவயானி மட்டும்தான், தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு, பின்னால் திரும்பி அவரோடு பேசியபடியே கம்பி தாழ்ந்த இடங்களில் சரியாகக் குனிந்து வந்தாள். கவனமான பெண் என்று ஜஸ்டின் மனதுக்குள் ஒரு மார்க் கூட்டிப் போட்டார்.

கடைசி வருடத்து மாணவர்கள் கிராமத்துக்கு வந்து விவசாயிக்குச் செயல்விளக்கம் காட்ட வேண்டும். விவசாயி அதை ஒப்புக்கொண்டு, சார் கண் முன்னால் செய்தும் காட்டினால்தான் முழு மார்க். போன வருடத்துப் பிள்ளைகள் சித்தப்பா, மாமா என்று பிடித்துவந்து நிறுத்த, அவர்களும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் இந்த வருடம் ஜஸ்டின் சட்டம் போட்டிருந்தார்: லேசில் தலையாட்டாத விவசாயியாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

“அப்பிடி ஒருத்தரு இருக்காக சார். யாரு சொன்னாலும் கேக்க மாட்டாக” என்று இந்தத் தோட்டத்தைச் சொன்னது தேவயானிதான்.

வந்ததும் முதல் வேலையாகப் பேனரைக் கட்டினார்கள். பேனர் இல்லாமல் எந்தத் தொழில்நுட்பமும் விவசாயியைச் சென்றடையாது என்பது கல்லூரியின் நம்பிக்கை. ‘பாதுகாப்பாக மருந்து தெளித்தல்’ என்ற தலைப்பைவிட ஜஸ்டினின் பெயர் பெரிதாக இருந்தது. அச்சடித்தவன் செய்த தப்பு என்றார் ஜஸ்டின். மாற்றச் சொல்லவில்லை.

தேவயானி விளக்க ஆரம்பித்தாள். காற்றுக்கு எதிரே நின்று தெளிக்கக்கூடாது, எல்லா மருந்தையும் ஒரே டிரம்மில் ஊற்றக்கூடாது, வெறும் கையை விட்டுக் கலக்கவே கூடாது.

“கைய விட்டுக் கலக்குனாத்தான் பதம் தெரியும்” என்றார் சுருளி. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பந்தலின் கல்காலில் சாய்ந்து நின்று இருமித் தீர்த்தார்.

“கையக் காட்டுங்க” என்றாள் தேவயானி. உள்ளங்கை தோல் உரிந்து சிவந்து கிடந்தது. “இது என்ன பதம்?”

“அது வெயிலு.”

“உள்ளங்கையிலயா வெயிலடிக்குது? அப்ப இருமலு?”

“அது பனி.”

கூட்டம் மறுபடியும் சிரித்தது. தேவயானியின் கண்கள் கலங்கிவிட்டன. மார்க் போய்விடுமே என்று பயப்படுகிறாள் என்பது ஜஸ்டினுக்கு உடனே புரிந்தது. எதுவானாலும் அவருக்கு மார்க் வழியாகத்தான் புரியும்.

“மருந்துக் கடைக்காரரு சொன்னா மட்டும் கேப்பீக, நான் சொன்னா ஆகாதா?” என்றாள் அவள்.

“அவுக வருசக்கணக்கா மருந்து விக்கிறவுக. நீ நேத்துப் பெறந்த புள்ள.”

இனி நாம் இறங்காமல் ஆகாது என்று ஜஸ்டின் முன்னால் வந்தார். “ஐயா, அந்தப் பொண்ணு சொல்றது அத்தனையும் சரி. எங்க காலேஜ்லயே கெட்டிக்காரப் பொண்ணு இதுதான். நான் சொல்றேன், போட்டுப் பாருங்க.”

சுருளி அவரை ஏறிட்டுப் பார்த்தார். “நெசமாவா சார்? இந்தப் பாப்பாவா?”

“பின்னே? முதல் ரேங்க் இதுதானே!”

சுருளி பேனரைப் பார்த்தார். பிறகு தேவயானியைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் கையுறைகளை மாட்டி, முகமூடியைக் கட்டிவிட்டாள். வெறும் தண்ணீர் நிரப்பிய தெளிப்பானை முதுகில் போட்டுக்கொண்டு அவர் ஒரு வரிசை முழுக்கத் தெளித்துக் காட்டினார். “இனிமே இப்பிடித்தான் அடிப்பேன் சார், சத்தியமா” என்றார். ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். எல்லாப் போட்டோவிலும் நடுவில் ஜஸ்டின் நின்றார்.

அங்கேயே தேவயானிக்கு முழு மார்க் போட்டார். யார் சொன்னாலும் கேட்காத மனிதரை ஒரே வார்த்தையில் வழிக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில் கம்பி இன்னொரு முறை இடித்தது.

வேனில் ஏறிய பிறகுதான் பேனர் ஞாபகம் வந்தது. வேறு எதை விட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை, அதை விட முடியுமா? மாணவர்களை நம்பாமல் அவரே இறங்கி, இந்தத் தடவை நன்றாகக் குனிந்து, பந்தலுக்குள் போனார்.

உள்ளே தேவயானி பேனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுருளி கையுறையைக் கூடக் கழற்றாமல், திட்டு வாங்கும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். ஜஸ்டின் கூப்பிட வாயெடுப்பதற்குள் அவள் குரல் கேட்டது.

“நாலு வருசமா வீட்டுல கத்துறேன், பேனர் கட்டிச் சொன்னாத்தான் கேப்பீகளாப்பா?”