தலைமாட்டுச் சுவர்

வேதவல்லியின் கணவரது கருமாதியை வெளிநாட்டிலிருந்தே போனில் பார்க்க, மகன் செழியன் வைஃபை எக்ஸ்டெண்டர் அனுப்பியிருந்தான். மழை வெயில் தாங்கும் உயர்ந்த ரகம். சடங்கு நடக்கவிருந்த கிணற்றடிக்கு சிக்னல் எட்டும்படி, கொல்லைச் சுவரில் அதை மாட்ட ஆள் வந்திருந்தார்.

பின்னறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கணவர், மகனின் முகம் பார்க்க இதைத்தான் கேட்டார். "ஹாலுக்கு நடந்து வந்து பேசுங்கப்பா, காலுக்கு நல்லது" என்று அப்போது செழியன் சிரித்தான்.

"இங்க ஓட்டை போடவாம்மா?"

"வேணாம். உள்ள வாங்க." வெறுங்கட்டிலின் தலைமாட்டுச் சுவரைக் காட்டினாள்.

"இங்க மாட்டினா கிணத்தடிக்கு எட்டாதும்மா."

"கட்டிலுக்கு எட்டுனாப் போதும். கருமாதி முடியிறவரைக்கும் அவன் போன்ல இந்த வெறுங்கட்டிலையே பார்த்துக்கிட்டு இருக்கட்டும்."