டவுட்டி ரஞ்சிதா

ஊரே கூடி உங்களுக்கு 'டவுட்டி' என்று பேர் வைத்தால், சிரித்துவிட்டுப் போய்விடுவீர்களா? ரஞ்சிதாவால் முடியவில்லை.

கொல்லிமலையில் ஒரு தங்கும் விடுதிக்கு வேன் ஓட்டுகிறவள் அவள். கீழே காளப்பநாயக்கன்பட்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே கொண்டுவந்து விடவேண்டும். வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகவில்லை.

போன வாரம் திருச்சியிலிருந்து பூங்குழலி என்ற அம்மா வந்தார். கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வேனில் இன்னும் நாலைந்து பேர்.

அன்றைக்கு ஒரே மூடுபனி. பாதி மலை ஏறியதும், மரவள்ளிக்கிழங்கு லோடு லாரி ஒன்று எதிரே வந்து, வளைவில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

"பொம்பள டிரைவர்னு சொல்லவே இல்லையே!" பின்சீட்டில் ஒருவர் அலறினார்.

"அலறுனா பனி வெலகாதுங்க. செத்த நேரம் சும்மா ஒக்காருங்க, எனக்குக் காது கேக்கோணும்" என்றாள் ரஞ்சிதா. கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, வேனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் எடுத்தாள். அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி நிற்க, லாரி உரசாமல் கடந்து போனது.

மேலே அப்பாசாமியின் டீக்கடையில் எல்லோரும் இறங்கினார்கள். பூங்குழலி அம்மா மட்டும் அவளை உற்றுப் பார்த்து, கொஞ்சமும் சிரிக்காமல், "யூ ஆர் எ டவுட்டி வுமன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாசாமிக்குக் காது நீளம். "கேட்டீங்களா? படிச்ச அம்மா மூஞ்சிக்கு நேராவே சொல்லிப்போட்டாங்க. இவ ஓட்டறதே டவுட்டாம்!"

அவ்வளவுதான்.

"டவுட்டி வருது, ஓரமா நில்லுங்கடா!"

"ஏம்புள்ள டவுட்டி, பிரேக்கு எந்தக் காலுன்னு ஞாபகம் இருக்குதா?"

பள்ளிக்கூடம் வரைக்கும் அது பரவிவிட்டது. "என்னையக் குட்டி டவுட்டிங்கறாங்கம்மா" என்று மகள் அழுதுகொண்டு வந்தாள்.

புருஷன் சின்னான் அன்றைக்கே சொல்லிவிட்டான். "போதும் சாமி. சாவியைக் குடுத்துரு. காட்டு வேலை இல்லாமயா போச்சு?"

"அந்தம்மாவக் கீழ கொண்டுபோய் விட்டுட்டு வந்து குடுத்தர்றேன்" என்றாள் ரஞ்சிதா. வேன் ஓட்டக் கற்றுக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பூங்குழலி அம்மா ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. வேன் டீக்கடையைத் தாண்டும்போது அப்பாசாமி குரல் கொடுத்தார்.

"என்ன டவுட்டி, அந்தம்மாவ முழுசாக் கொண்டுபோய்ச் சேத்திருவியா?"

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. ரஞ்சிதா நிற்காமல் ஓட்டினாள்.

பூங்குழலி அம்மா முகம் மலர்ந்து போனது. "அடடா! இந்த வார்த்தையை இப்ப காலேஜ்லகூட யாரும் பேசறதில்லை. உங்க ஊர் டீக்கடையில பேசறாங்களே! எவ்வளவு மரியாதையாக் கூப்பிடறாங்க உன்னை!"

"மரியாதைங்களா?" ரஞ்சிதா வேனை ஓரமாக நிறுத்திவிட்டாள். "நான் ஓட்டறது டவுட்டுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. ஊரே கேலி பண்ணுது. இந்த ட்ரிப்போட நான் வேலையை விடறேன்."

"ஐயய்யோ! டவுட்டுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லைம்மா. எழுத்தே வேற, டி-ஓ-யூ-ஜி-ஹெச்-டி-ஒய். அந்தக் காலத்து இங்கிலீஷ் வார்த்தை இது. போர்க்களத்துல பின்வாங்காம நிக்கறவங்களை அப்படித்தான் சொல்லுவாங்க. நெஞ்சுரம் உள்ளவங்கன்னு அர்த்தம். இப்ப பழைய புஸ்தகத்துலதான் பாக்கலாம். அன்னிக்கு உன்னைப் பாத்ததும் எனக்கு வேற வார்த்தையே வரலை."

"அப்புறம் ஏனுங்க மூஞ்சிய உர்ருன்னு வச்சுட்டுச் சொன்னீங்க?"

"எங்கே சிரிக்கிறது? பயத்துல தாடை ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்துதே!"

ரஞ்சிதா முதலில் மெதுவாகச் சிரித்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"வண்டியைத் திரும்ப மேல எடு. அந்த டீக்கடைக்காரருக்கு நானே அர்த்தம் சொல்லிட்டு வரேன்" என்றார் பூங்குழலி அம்மா.

ரஞ்சிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வளைவைப் பார்த்து கியரைப் போட்டாள்.

"வேண்டாங்கம்மா. அர்த்தம் தெரிஞ்சா நாளையிலிருந்து ஒருத்தனும் அப்படிக் கூப்பிட மாட்டானுங்க. தயவு பண்ணி யாருகிட்டயும் சொல்லிராதீங்க!"