ஆமை தலையாட்டிய பூட்டு

நம்பினால் நம்புங்கள், ஒரு கணினிக்குள் ஆமை ஒன்று குடியிருந்தது. படிப்படியாக நிரூபித்துக் காட்டாவிட்டால் எதற்கும் தலையாட்டாது. ஆனால் கடவுச்சொற்களைக் காக்கும் வேலை கேட்டு வந்த பூட்டு, 'என்னிடம் அவை பத்திரம்' என்று நிரூபிக்க ஆரம்பித்ததுமே தலையாட்டிவிட்டது. பூட்டுக்குத் தலைகால் புரியவில்லை.

"எப்படி அண்ணே இவ்வளவு சீக்கிரம்?"

"'இங்கே புழுவே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்று நீதானேப்பா ஆரம்பித்தாய்? அப்புறம் நிரூபிக்க என்ன இருக்கிறது?"

"அப்போ நான் யாராம்?" என்றது வாசலில் வந்து நின்ற, கடவுச்சொல் தின்னும் புழு.

ஆமை நகர்ந்து, தன் ஓட்டால் வாசலை அடைத்துக்கொண்டது. "புழு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பி."

ஆமை கடைசிப் படிக்குத் தலையாட்டுவதற்குள், காத்திருந்த புழு பட்டாம்பூச்சியாகிப் பறந்தே போய்விட்டது.

"அண்ணே, பட்டாம்பூச்சியையும் சேர்க்கணுமா?" என்று பூட்டு மெல்லக் கேட்டது.

ஆமை மறுபடி வாசலை அடைத்து உட்கார்ந்தது.